பிளே தெரபி பழகுறவங்களுக்கு: சாமான் வாங்க முதல் வாயைப் பழக்குங்க

போன மாசம் எங்கட திருகோணமலையில மூதூர்ல இருந்து ஒரு தங்கச்சி கோல் எடுத்தா, பாடசாலையில உளவளத்துணை செய்யுறவ. பிளே தெரபிக்கு, அதாவது விளையாட்டு வழியாப் பிள்ளையின்ர மனசுக்கு உதவுற முறைக்கு, அஞ்சு நாள் வேர்க்ஷொப் ஒண்டுக்குப் போய் சேர்டிபிகேட்டும் எடுத்திட்டா, ஒரு பை நிறைய விளையாட்டுச் சாமானும் வாங்கி வச்சிருக்கிறா, "அக்கா, பிள்ளை வந்து முன்னால இருந்தா இனி நான் என்ன செய்யுறது?" எண்டு கேட்டா. அவ அப்பிடிக் கேட்டது எனக்குச் சரியான சந்தோசம், ஏனெண்டா கேக்காமலே தொடங்கிப் போற ஆக்கள்தான் கூட. அவவுக்கு ஒரு மணித்தியாலமா போன்ல சொன்னதை இங்க கொஞ்சம் விரிவா எழுதுறன்.

முதல்ல ஒண்டு. இது ஏற்கனவே உளவளத்துணை முறையாப் படிச்சு, ஆக்களோட இருந்து பழகினவங்களுக்கு. அந்த அடித்தளம் இல்லாம பொம்மையோட தொடங்க வேணாம். அமெரிக்காவில 1982ல தொடங்கின பிளே தெரபி சங்கம் ஒருத்தருக்கு 'பதிவு பெற்ற பிளே தெரபிஸ்ட்' எண்ட பேர் குடுக்கிறதுக்கு, மனநலத்துறையில மாஸ்டர்ஸும் லைசென்ஸும் இருக்கிறவர் அதுக்கு மேலால 150 மணித்தியாலம் பிளே தெரபி படிப்பும், பிள்ளையளோட 350 மணித்தியாலம் செஷனும், 35 மணித்தியாலம் சூப்பர்விஷனும் (பயிற்சி உள்ள ஒருத்தர் உங்கட வேலையைப் பார்த்து வழிகாட்டுறது) முடிக்க வேணும் எண்டு கேக்குது. நாங்க எல்லாரும் அந்தப் பேரை எடுக்க வேணும் எண்டு நான் சொல்லேல்ல, ஆனா அந்தக் கணக்கை மனசில வச்சா அஞ்சு நாள் வேர்க்ஷொப் எவ்வளவு தூரம் எண்டு விளங்கும். அது படலையைத் திறந்து விட்ட மாதிரி, வீட்டுக்குள்ள இன்னும் போகேல்ல.

இன்னொண்டையும் தெளிவாக்கிக்கொள்ளுவம், பிளே தெரபி எண்டது விளையாட்டால ஒரு விஷயத்தைப் படிப்பிக்கிறது இல்ல. பிள்ளையைக் கதைக்க வைக்கிறதுக்கு விளையாட்டை வச்சு ஆசை காட்டுறதும் இல்ல. ஏழு வயசில இருந்து பதினொண்டு வயசு மட்டும் பிள்ளையள் கையால தொட்டு, கண்ணால பார்த்துத்தான் கூடுதலா யோசிப்பாங்க எண்டு, பிள்ளையள் யோசிக்கிற விதத்தை ஆராய்ஞ்ச பியாஜே சொன்னது எல்லாரும் படிச்சதுதான், அதை விடச் சின்னப் பிள்ளைக்குச் சொல்லவே தேவையில்ல. அதால மூண்டு வயசில இருந்து பன்னிரண்டு வயசுப் பிள்ளை மட்டும் விளையாட்டுத்தான் பாஷை, சாமான்தான் சொல்லு எண்டு அமெரிக்காவில பிளே தெரபி படிப்பிச்ச கேரி லாண்ட்ரெத் சொல்லுறார். பிள்ளையையே வழி நடத்த விடுற இந்த முறையை உருவாக்கின வேர்ஜினியா அக்ஸ்லைன் 1947ல எட்டு விதி எழுதி வச்சவ, எட்டையும் பாடமாக்குங்க, ஆனா இரண்டு மட்டும் சுவரில ஒட்டுற மாதிரி முக்கியம்: பிள்ளை முன்னால போகும் நீங்க பின்னால போங்க, அவசரப்படுத்தாதீங்க. நான் இங்க எழுதுறது முழுக்க இந்தப் பிள்ளை வழி நடத்துற முறையைப் பற்றித்தான், வேற முறைகளும் இருக்கு, ஆனா இதைப் பழகாம அதுகளுக்குப் போறது எனக்குச் சரியாப் படேல்ல.

இப்ப வேலைக்கு வருவம். கஷ்டத்தில இருக்கிற பிள்ளையை எடுக்க முதல், உங்கட சொந்தக்காரப் பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளை, பெரிய பிரச்சினை ஒண்டும் இல்லாத நாலஞ்சு வயசு ஒண்டைக் கேட்டு எடுங்க. தாய் தகப்பனுக்கு "நான் பழகுறன், இது தெரபி இல்ல" எண்டு நேரா சொல்லுங்க, அனுமதி எடுத்து போன்ல ரெக்கோட் பண்ணுங்க. இருபது நிமிஷம் போதும். பிறகு இரவைக்கு ஆறுதலா இருந்து கேளுங்க, ஒரு கடதாசியில கோடு போடுங்க: எத்தினை கேள்வி கேட்டீங்க, எத்தினை தரம் படிப்பிச்சீங்க ("இது நீலம், இது பச்சை"), எத்தினை தரம் மெச்சினீங்க. என்ர முதல் ரெக்கோட்டிங்ல கேள்வி மட்டும் முப்பதைத் தாண்டிச்சு. "இது என்ன? இது ஆரு? ஏன் இவர் படுத்திருக்கிறார்? பசிக்குதா இவருக்கு?" அந்தப் பிள்ளை பாவம், விளையாட வந்து சோதினை எழுதிட்டுப் போச்சு. ஒவ்வொரு கிழமையும் ஒருக்கா இதைச் செய்து கோட்டை எண்ணிக்கொண்டு போங்க, குறையும், ஆனா கெதியில குறையாது.

கேள்விக்குப் பதிலா என்ன சொல்லுறது எண்டுதான் அந்தத் தங்கச்சியும் கேட்டா. பிள்ளை செய்யுறதை அப்பிடியே சொல்லுங்க, அவ்வளவுதான். "அதை எடுத்து அங்க வைக்கிறீங்க." "இப்ப எல்லாத்தையும் மூடிட்டீங்க." கிரிக்கெட் கொமென்ட்ரி மாதிரி விடாம சொல்லுறது இல்ல, இடைக்கிடை, நான் உன்னோடதான் இருக்கிறன் எண்டு பிள்ளைக்கு விளங்குற அளவுக்கு.

இதில பிள்ளை பேர் வைக்க முதல் நீங்க ஒரு சாமானுக்கும் பேர் வைக்கக் கூடாது எண்டு ஒரு விதி இருக்கு, ஒரு மரக்கட்டை வள்ளமா இருக்கலாம் பஸ்ஸா இருக்கலாம் சவப்பெட்டியாவும் இருக்கலாம். இங்கிலீஷ்ல பழகினவங்க 'அது' எண்டு சொல்லி சமாளிச்சிடுவாங்க. தமிழ்ல அது மட்டும் காணாது, எங்கட வினைச்சொல்லே காட்டிக் குடுத்திடும். 'வாறார்' எண்டா ஒரு பெரிய ஆம்பிளை, 'வாறா' எண்டா பொம்பிளை, 'வாறான்' எண்டா சின்னவன், 'வருது' எண்டா மிருகம், சாமான், இல்லாட்டி குட்டிப் பிள்ளை. ஒரு செஷன்ல பிள்ளை ஒரு பொம்மையை வீட்டு வாசலால உள்ளுக்குக் கொண்டு வந்துது, நான் யோசிக்காம "அப்பா வாறார்" எண்டு சொல்லிட்டன். பிள்ளை என்னை ஒருக்கா நிமிர்ந்து பார்த்திட்டு பொம்மையைக் கவிட்டு வச்சிட்டு பெயின்ட் இருந்த பக்கம் போயிட்டுது. அது அப்பாவா, மாமாவா, பக்கத்து வீட்டுக்காரரா எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. இதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி, வசனத்தில பிள்ளையையே முன்னுக்கு வைக்கிறது: "உள்ளுக்குக் கொண்டு வாறீங்க." அப்பிடிச் சொன்னா வந்தது ஆரெண்டு நாங்க முடிவெடுக்கத் தேவையில்ல.

'ஏன்' எண்ட சொல்லை முழுசா விட்டிடுங்க. எங்கட வீடுகள்ல "ஏன் இப்பிடிச் செய்தனீ?" எண்டு கேட்டா அது கேள்வி இல்ல, அடி வரப்போகுது எண்டு பிள்ளைக்குத் தெரியும். வசனக் கடைசியில வாற "என்ன?", "தானே?" இரண்டையும் கவனிங்க, "கோவம் வருது, என்ன?" எண்டு சொன்ன உடன அதுவும் கேள்வியாப் போச்சு, பிள்ளை ஓம் எண்டு தலையாட்ட வேண்டி வரும். குரலைக் கீழ இறக்கி முடிச்சுப் பழகுங்க.

உணர்ச்சியைச் சொல்லுறதுக்குப் புத்தகத் தமிழ் வேணாம். "நீங்கள் கோபமாக உணர்கிறீர்கள்" எண்டு ஆரு வீட்டில கதைக்கிறது? "கோவம் பொத்துக்கொண்டு வருது." "பயந்து போனீங்க." "எதிர்பார்த்திட்டு ஏமாந்து போனீங்க." "மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு." அழவும் ஏலாம சொல்லவும் ஏலாம தொண்டையில நிக்கிற துக்கத்துக்கு எங்கட பெரியாக்கள் வெப்பியாரம் எண்டு சொல்லுவாங்க, அந்த மாதிரிச் சொல்லுகளை எழுதி ஒரு கொப்பியில சேருங்க, அம்மம்மாமாரிட்டக் கேட்டா நிறைய வரும். கிண்ணியா முஸ்லிம் பிள்ளை உம்மா, வாப்பா, ராத்தா எண்டு சொன்னா நீங்களும் அதையே சொல்லுங்க, நீங்க அம்மா எண்டு மாத்திச் சொன்னா அந்தப் பிள்ளைக்கு அது வேற ஒரு ஆள்.

மெச்சுறதைப் பற்றி நிறையப் பேர் என்னோட சண்டை பிடிப்பாங்க. "வெரி குட்", "கெட்டிக்காரி" எண்டு சொன்னா பிள்ளை சந்தோசப்படும்தானே எண்டு. சந்தோசப்படும், அடுத்த படத்தை உங்களுக்காகக் கீறும், அதுதான் பிரச்சினை. கோவமான படம் கீறினா மெச்ச மாட்டாங்க எண்டு அதுக்கு விளங்கிடும். அதுக்குப் பதிலா "விழுந்து விழுந்து போச்சு, விடாம அடுக்கி முடிச்சிட்டீங்க" எண்டு செய்த முயற்சியைச் சொல்லுங்க. "இதுக்கு என்ன கலர் அடிக்கிறது மிஸ்?" எண்டு கேட்டா "அதை நீங்களே முடிவெடுக்கலாம்." புலமைப்பரிசில் சோதினைக்கு மூண்டாம் ஆண்டிலயே டியூஷன் போற பிள்ளையளுக்கு இது பெரிய அதிர்ச்சி, சரியான விடை எது எண்டு எங்கட முகத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு மூண்டு செஷன் சும்மா நிக்கும். நிக்கட்டும். அந்த நேரம் எங்கட கை பரபரக்கும், ஒரு சாமானை எடுத்துக் குடுக்கச் சொல்லும், கையைக் கட்டிக்கொண்டு இருங்க.

சாமானைப் பற்றிக் கனக்க எழுத விருப்பமில்ல, ஏனெண்டா எல்லாரும் இதிலதான் காசையும் நேரத்தையும் கொட்டுறது. லாண்ட்ரெத் மூண்டு வகையாப் பிரிக்கிறார்: வீட்டையும் உலகத்தையும் காட்டுற சாமான், கோவத்தை வெளியில விடுற சாமான், கீறிக் குழைச்சுச் செய்யுற சாமான். முதலாவதுக்கு பொம்மைக் குடும்பம், சட்டி பானை (சிரட்டை போதும்), ஆட்டோ, பஸ், டொக்டர் சாமான், இரண்டு போன். இரண்டாவதுக்கு புலி, முதலை, பாம்பு, பொலிஸ் ஜீப், ஆமி ட்ரக், அடிக்கிறதுக்கு ஒரு பழைய தலகாணி. மூண்டாவதுக்குக் களி, கலர் பென்சில், கடதாசி. பட்டறி போட்டு தானா ஆடுற பாடுற சாமான் வேணாம், பிள்ளை பார்த்துக்கொண்டு இருக்கும். உடைஞ்சதை எடுத்திடுங்க. விளையாட்டுத் துவக்கு வைக்கிறதா இல்லையா எண்டு எங்கட ஊர்ல கேட்டா ஆளுக்கொரு நியாயம் வரும், நான் வைக்கிறேல்ல, தேவையான பிள்ளை ஈர்க்கிலயும் விரலிலயும் அதைச் செய்துகொள்ளும், செய்தா நான் தடுக்கவும் மாட்டன்.

மண்ணுக்கு மட்டும் மெனக்கெடுங்க. பிள்ளையளுக்கு வைத்தியம் பார்த்த மார்கரெட் லோவன்ஃபெல்ட் 1929ல லண்டன்ல மண் தட்டும் சின்னச் சாமான்களும் வச்சுப் பார்த்தவ, பிள்ளையள் தாங்களே அதை 'உலகம்' எண்டு கூப்பிடத் தொடங்கினவங்க. தட்டு கிட்டத்தட்ட 72 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 7 ஆழம், உள்ளுக்கு நீலம் அடிச்சிருக்கும், மண்ணை விலக்கினா தண்ணி மாதிரித் தெரியும். எந்தத் தச்சரும் செய்து தருவார். உப்புவெளிக் கடற்கரை மண்ணை அள்ளிக்கொண்டு வந்து அப்பிடியே போட்டா உப்பு இருக்கிற மட்டும் ஈரம் காயாது, கிணத்துத் தண்ணியில மூண்டு நாலு தரம் அலசி, வெயில்ல காய வச்சு அரிச்சு எடுங்க, மாரிக்கு முதல் செய்து மூடி வச்சா நல்லம். சின்னச் சாமானுக்குள்ள வள்ளம், வலை, பனை, கோயில், பள்ளிவாசல், விகாரை, சேர்ச் நாலும் இருக்கட்டும், திருகோணமலை டவுன்ல ரோட்டில திரியுற மானும் இருக்கட்டும். எங்கட பிள்ளைக்கு மான் காட்டு மிருகம் இல்ல, குப்பைக்குப் பக்கத்தில நிக்கிற சீவன், அதை வச்சு அதுகள் காட்டுற கதையும் வேற.

தனி அறை எல்லாருக்கும் கிடைக்காது. பாடசாலையில லைப்ரரி மூலை, ஸ்டோர் ரூம், எதெண்டாலும் ஒரு பாயை விரிச்சு, பாய்க்குள்ள விளையாட்டு இடம் எண்டு சொன்னா பிள்ளை பிடிச்சுக்கொள்ளும். ஒரே நாள், ஒரே நேரம், ஒரே இடம், சாமான் ஒவ்வொண்டும் போன கிழமை இருந்த இடத்திலயே இருக்க வேணும். முப்பதில இருந்து நாப்பத்தஞ்சு நிமிஷம். முடிய அஞ்சு நிமிஷம் இருக்கேக்க ஒருக்கா சொல்லுங்க, ஒரு நிமிஷம் இருக்கேக்க ஒருக்கா. இடையில அதிபர் கதவைத் திறந்து "ஒரு சைன் மிஸ்" எண்டு வராம முதலே கதைச்சு வைக்கிறதும் உங்கட தொழில்தான்.

எல்லை போடுற விஷயம் பழகாட்டி செஷன் குழம்பும். ஒழுங்கு மூண்டு படி: முதல் அந்த ஆசையையோ உணர்ச்சியையோ சொல்லுங்க, பிறகு எல்லையைச் சொல்லுங்க, பிறகு வேற வழி காட்டுங்க. ஒரு தம்பி கட்டையைத் தூக்கி உங்களுக்கு எறியப் பார்க்கிறான் எண்டு வைப்பம். "என்னில சரியான கோவம் வருது, எறிய வேணும் போல இருக்கு. என்னில எறியேலாது. அந்தத் தலகாணிக்கு எறியலாம்." இங்கிலீஷ்ல படிப்பிக்கிற வசனத்தை ஒருத்தர் "நான் அடிப்பதற்கு அல்ல" எண்டு தமிழாக்கி நோட்ஸ் குடுத்தவர், பிள்ளைக்கு அது நான் உனக்கு அடிக்க வரேல்ல எண்டுதான் கேக்கும். சத்தம் போடாம, முகத்தைக் கடுக்காம, மூண்டையும் ஒரே மூச்சில சொல்லிப் பழகுங்க, கண்ணாடிக்கு முன்னால நிண்டு ஐம்பது தரம் சொன்னாலும் தப்பில்ல. முதல் நாளே பத்து விதி வாசிக்க வேணாம், அந்த விஷயம் வரேக்க அந்த எல்லை போதும். ஆளுக்குக் காயம், சாமானை உடைக்கிறது, நேரம் முடிய முதல் ஓடுறது, இதுக்கு மேல எனக்குப் பெருசா எல்லை தேவைப்பட்டதில்ல.

அடுத்தது சூப்பர்விஷன். இது இல்லாம பழகின ஆள் எத்தினை வருசம் செய்தாலும் ஒரே பிழையைத்தான் திருப்பித் திருப்பிச் செய்வார் எண்டு நான் மனசார நம்புறன். கிட்ட ஆள் இல்லாட்டி கொழும்பிலயோ வெளியிலயோ பயிற்சி உள்ள ஒருத்தரோட மாசத்துக்கு இரண்டு தரம் வீடியோ கோல் எடுங்க, இடையில இங்கயே மூண்டு நாலு பேர் சேர்ந்து ஒரு சனிக்கிழமை இருந்து ஆளாளுக்கு ரெக்கோட்டிங் பாருங்க. தாய் தகப்பன்ர எழுத்து அனுமதி இல்லாம ரெக்கோட் வேணாம், பிள்ளை பேர் சொல்லக் கூடாது, வட்ஸ்அப்ல அனுப்பவே கூடாது. நல்லாப் போன பகுதியைக் காட்டாதீங்க, உங்களுக்கு உடம்பு ஒரு மாதிரி ஆன அஞ்சு நிமிஷத்தைக் காட்டுங்க.

நான் காட்டினதைச் சொல்லுறன், பிள்ளையை அடையாளம் தெரியாம மாத்தி இருக்கிறன். ஒரு பிள்ளை கிழமைக்குக் கிழமை ஒரு குட்டிப் பொம்மையை மண்ணுக்குள்ள தாட்டு மேல கையால அமத்தும். மூண்டாம் கிழமை என்ர கை தானாப் போய் அந்தப் பொம்மையைத் தோண்டி எடுத்து "பாவம், வெளியில எடுப்பம்" எண்டு சொல்லிச்சு. பிள்ளை அண்டைக்கு வேற ஒண்டும் விளையாடேல்ல. வீடியோவை நிப்பாட்டிப் போட்டு சூப்பர்வைசர் ஒரே ஒண்டுதான் கேட்டா, "நீங்க அண்டைக்கு ஆரை வெளியில எடுத்தனீங்க?" நான் 1990ல சின்னப் பிள்ளையா பங்கருக்குள்ள இருந்து, பிறகு இடம்பெயர்ந்து போனவள். மண்ணுக்குள்ள இருட்டில மூச்சு முட்டினது எனக்கு, அந்தப் பிள்ளைக்கு இல்ல. எங்கட வயசுக்காரர் இந்த ஊர்ல ஷெல் சத்தம் கேட்டிருப்பம், 2004 மார்கழி 26 கடலையும் பார்த்திருப்பம், பிள்ளை தட்டுக்குள்ள தண்ணியை ஊத்தி வீடு எல்லாம் மிதக்க விடேக்க எங்கட வயிறுதான் முதல் கலங்கும். அதைக் கொண்டு போய்க் கதைக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும். பிறகு நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தன், "திரும்பவும் உள்ளுக்கு வச்சு நல்லா மூடுறீங்க" எண்டு மட்டும் சொன்னன், ஆறாம் கிழமையோ ஏழாம் கிழமையோ பிள்ளை தானே அந்தப் பொம்மைக்கு ஒரு வாசல் தோண்டிச்சு.

ஆனா எல்லா விளையாட்டும் அப்பிடி தானாத் திரும்பும் எண்டும் நம்பி இருக்காதீங்க. 1976ல கலிஃபோர்னியாவில சௌச்சில்லா எண்ட ஊர்ல ஸ்கூல் பஸ்ஸோட 26 பிள்ளையளைக் கடத்தினாங்க, அந்தப் பிள்ளையளைப் பிறகு பார்த்த டொக்டர் லெனோர் டெர், ஒரே விளையாட்டை மாத்தமில்லாம, சந்தோசமும் இல்லாம, முடிவும் இல்லாம திருப்பித் திருப்பி விளையாடுறதைக் கவனிச்சு எழுதினவ. அதுக்குப் பிறகுதான் இந்த வித்தியாசத்தை எங்களுக்குப் பார்க்கத் தெரிஞ்சுது. ஒவ்வொரு கிழமையும் ஒரு சின்ன மாத்தம் வருதா, புது ஆள் ஒருத்தர் கதைக்குள்ள வாறாரா, உதவி வருதா, பிள்ளையின்ர மூச்சு இலகுவாகுதா எண்டு செஷன் முடிய நோட் பண்ணுங்க. ஒண்டும் மாறாம பிள்ளை இன்னும் கூட இறுகிப் போகுது, இரவில நித்திரை இல்ல எண்டா அடுத்த மாசம் மட்டும் பொறுக்காம சூப்பர்வைசரிட்டக் கதைச்சு, ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும் அனுப்புங்க.

தாய்மாரைப் பழக்குறதையும் உங்கட பயிற்சியில சேருங்க. குச்சவெளியில இருந்தோ வெருகல்ல இருந்தோ ஒரு தாய் கிழமைக்கு ஒருக்கா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வாறது எண்டா ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு, மூண்டாம் தரம் வர மாட்டா, அவவில பிழை இல்ல. அமெரிக்காவில உளவியலாளர்களான பெர்னாட் கெர்னி, லூயிஸ் கெர்னி இரண்டு பேரும் 1960கள்ல தாய் தகப்பனையே இந்த விளையாட்டுக்குப் பழக்கத் தொடங்கினவங்க. 2005ல ப்ராட்டன் எண்ட ஆய்வாளரும் சேர்ந்தவங்களும் பிளே தெரபி பற்றின 93 ஆய்வை ஒண்டாச் சேர்த்துப் பார்த்ததில, தாய் தகப்பனைப் பழக்கி அவங்க செய்த இடத்தில பலன் கூடுதலா வந்திருக்கு. பத்துக் கிழமைக்குச் சுருக்கின முறை ஒண்டும் இருக்கு, ஆறில இருந்து எட்டுப் பேர் ஒரு குழு, கிழமைக்கு இரண்டு மணித்தியாலம், வீட்டில கிழமைக்கு முப்பது நிமிஷம் பிள்ளையோட. மாதர் சங்கக் கட்டடத்தில ஒரு பாயை விரிச்சுப் போட்டு இதைச் செய்யலாம். அந்த முப்பது நிமிஷம் போன் இல்ல, ஏசுறது இல்ல, படிப்பு இல்ல எண்டு சொன்னா தாய்மார் முதல் சிரிப்பாங்க, மூண்டாம் கிழமை ஒருத்தி வந்து "மிஸ், அவன் என்னோட கதைச்சான்" எண்டு அழுவா.

நீங்க செய்யுற செஷனுக்கும் முதல் பெற்றோரை மட்டும் தனியா ஒருக்கா சந்திங்க. "உள்ளுக்கு என்ன விளையாடினான், என்ன சொன்னான் எண்டு ஒவ்வொண்டாச் சொல்ல மாட்டன், ஆனா அவனுக்கு ஆபத்து எண்டு தெரிஞ்சா கட்டாயம் சொல்லுவன்" எண்டு அந்த நாளே சொல்லி வைக்காட்டி பிறகு வாசல்ல நிண்டு கேக்கேக்க தடுமாறுவீங்க. வீட்டை போய் "என்ன விளையாடினனீ" எண்டு விசாரிக்க வேணாம் எண்டும் கேளுங்க.

ஒரு பிள்ளை பொம்மைக்கு உடுப்பைக் கழட்டினது எண்டதை மட்டும் வச்சு துஷ்பிரயோகம் எண்டு முடிவெடுக்காதீங்க, விளையாட்டு சாட்சி இல்ல. ஆனா பிள்ளை வாயால சொன்னா, சொன்ன சொல்லை அப்பிடியே, திகதி நேரத்தோட எழுதுங்க, மேல மேல கேள்வி கேட்டுப் பிள்ளையைக் குடையாதீங்க, ஆருக்கும் சொல்ல மாட்டன் எண்டு சத்தியம் பண்ணாதீங்க. அண்டைக்கே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ர 1929க்கு எடுங்க. "ஊர்ல பேர் கெட்டிடும், நாங்களே கதைச்சு முடிப்பம்" எண்டு வீட்டுக்காரரோ பாடசாலையோ சொல்லுவாங்க, அதில விட்டுக்குடுக்க வேணாம். இந்த இடத்தில மட்டும் நாங்க பின்னால போறது இல்ல.

முடிக்கிறதையும் பழக வேணும், புரொஜெக்ட் காசு முடிஞ்சுது எண்டு திடீரெண்டு வராம விடுறதை இந்த ஊர்ப் பிள்ளையள் போதுமான அளவு பார்த்திட்டுதுகள். ஆகக் குறைஞ்சது மூண்டு நாலு கிழமைக்கு முதலே சொல்லுங்க. நான் ஒரு சிரட்டையில நாலு சோகி போட்டு வைக்கிறன், ஒவ்வொரு செஷன் முடியேக்கயும் பிள்ளை ஒண்டை எடுத்து என்ர கையில தரும், மிச்சத்தை எண்ணும். சில பிள்ளை கோவத்தில சிரட்டையைத் தட்டி விடும், சிலது ஒண்டை ஒளிச்சு வைக்கும், அதையும் மற்றது மாதிரியே சொல்லுங்க, "இன்னும் ஒண்டு இருக்க வேணும் போல இருக்கு." கடைசி நாள் நாலையும் பிள்ளையின்ர கையில திருப்பிக் குடுத்திடுவன், மண்ணும் சாமானும் இங்கயே இருக்கும்.